காவடி இறங்கிய மறுநாள்

தைப்பூசம் முடிந்த வாரத்தில் எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். பத்து நாள் விரதத்தில் உடம்பு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா, வருஷம் முழுக்க இப்படியே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்பார் ஒருவர். கால்சட்டைக்கு இடுப்புவார் போட வேண்டியதாகிவிட்டது என்பார் இன்னொருவர். மூட்டு வலி குறைந்தது, தூக்கம் நன்றாக வருகிறது, நெஞ்சு கரிப்பதில்லை என்று பெரியம்மாமார்கள் வரிசையாகச் சொல்வார்கள். அப்புறம் மகா சிவராத்திரிக்குக் கிராண்ட் பாசின் புனித ஏரியை நோக்கிக் கூட்டம் நடக்கத் தொடங்கும்போது பார்த்தால் எல்லாருக்கும் எல்லாம் பழையபடி. அதற்கும் நாங்கள் ஒரு விளக்கம் கையில் வைத்திருக்கிறோம்: சாமிக்குப் பயந்து வாயைக் கட்டினோம், பயம் விட்டதும் வாய் அவிழ்ந்துவிட்டது, மன உறுதி போதவில்லை. இந்த விளக்கம் எனக்குப் பல வருஷமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. மன உறுதி இல்லாதவர்களா இவர்கள்? மொரீசியஸின் கோடை வெயிலில், கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு, வெறுங்காலால் சுடும் தார்ச்சாலையில் நடந்து, கோர் தெ கார்த் மலைக் கோயிலின் படிகளைக் காவடியோடு ஏறுகிறவர்கள். மாலை நாலு மணிக்கு வெண்ணெய் தடவிய ஒரு ரொட்டியை வேண்டாம் என்று சொல்கிற உறுதி இவர்களிடம் இல்லை என்றால் நான் எப்படி நம்புவது?

என் வீட்டுக்காரரும் காவடி எடுப்பவர்தான், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. நாற்பது தாண்டியதும் வயிறு கொஞ்சம் முன்னால் வந்தது. எங்கள் வீடுகளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு நாள் வேலையிடத்துக்கு வந்த சுகாதாரக் குழு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. இவர் நடுவில் நிற்கிறார். அங்கிருந்த நர்ஸ் அவரை எடை மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் இடுப்பை நாடாவால் அளந்தாராம். நம் வம்சாவளியினருக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80, அதைத் தாண்டினால் எடை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே கவனிக்க வேண்டும். கை கால் ஒல்லியாக இருந்தாலும் நமக்குக் கொழுப்பு குடலைச் சுற்றிச் சேரும். அதனால்தான் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் (BMI) பொதுவாக 25 என்று இருக்கிற எச்சரிக்கைக் கோட்டை, ஆசியர்களுக்கு 23இலேயே பார்க்கத் தொடங்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. எடையில் ஏழு சதவீதம் குறைத்தால் போதும், ஓடி விழுந்து ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் அந்த நர்ஸ். அந்த ஏழு சதவீதம் அவர் வாய்க்கு வந்த எண் அல்ல. அமெரிக்காவில் இதே நடுக்கட்டத்தில் இருந்தவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஏழு சதவீத எடைக் குறைப்பையும் வாரத்துக்கு 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது.

சரி, தைப்பூசம் வருகிறது, விரதம் வருகிறது, அதிலேயே குறைந்துவிடும் என்று வீட்டில் எல்லாரும் தைரியமாக இருந்தோம். குறையவும் செய்தது. பிறகு ஏறவும் செய்தது.

பத்து நாளில் இறங்குவது எது

முதல் வாரத்தில் எடை மேடையில் காணாமல் போகிற இரண்டு கிலோவைப் பார்த்து ஏமாறக் கூடாது. உடம்பு மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது அந்தச் சேமிப்பும் அதோடு சேர்ந்த தண்ணீரும்தான். விரதம் முடிந்து ஒரு பிரியாணி, ஒரு பெரிய பாட்டில் குளிர்பானம் உள்ளே போனால் அது திரும்பி வந்துவிடும். கொழுப்பு அவ்வளவு வேகமாக இறங்காது, வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் அதுவே நல்ல வேகம். ஆகவே பத்து நாளில் எடை இறங்கி ஒரே வாரத்தில் ஏறினால் அதில் யாருடைய ஒழுக்கமும் கெட்டுப்போகவில்லை, உடம்பு தன் கணக்கை நேர் செய்திருக்கிறது. "ஒரே மாதத்தில் பத்து கிலோ" என்று கைப்பேசியில் மூலிகைத் தேநீர் விற்கிறவர்கள் இந்தத் தண்ணீர்க் கணக்கை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அந்தப் பொட்டலங்களை எங்கள் கோயில் வாசலிலேயே கையில் கொடுத்துப் பேசுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் உடம்பு லேசாகிவிட்டது என்று பெரியம்மாக்கள் சொல்வது பொய்யில்லையே. நெஞ்சு கரிக்காதது உண்மை, தூக்கம் வந்தது உண்மை. அந்தப் பத்து நாளில் ஏதோ ஒன்று சரியாக நடக்கிறது. அதை மன உறுதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், உங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும். குளிர்பெட்டி காலியாகும். கவுச்சி சமைத்த பாத்திரங்களைத் தேய்த்துத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். ரம் பாட்டில் இருந்தால் அது யார் வீட்டுக்காவது போய்விடும். விரதம் இருக்கிறவர் ஒருவர்தான் என்றாலும் வீடு முழுக்க மரக்கறிதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆப்பிரிக்க வம்சாவளி கொண்ட கிரியோல் கிறிஸ்தவர்கள், அவர்கள்கூட அந்த நாட்களில் பலகாரத் தட்டை வேலிக்கு மேலே நீட்ட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் கஜாக் என்கிற பொரித்த நொறுக்குத்தீனி இருக்காது. அலுவலகத்தில் யாரும் தால் பூரி வாங்கி வந்து, ஒரு ஜோடி எடுத்துக்கொள் என்று வற்புறுத்த மாட்டார்கள், காவடிக்காரர் என்று தெரியும். அப்படியானால் என் வீட்டுக்காரர் அந்தப் பத்து நாளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை "வேண்டாம்" என்று சொன்னார்? அநேகமாக ஒரு முறைகூட இல்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. மற்ற நாட்களில் காலை தேநீரிலிருந்து ராத்திரி தொலைக்காட்சி வரைக்கும் அவர் முன்னால் ஏதாவது ஒன்று வந்து நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் அவர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க அதற்கே உறுதியைச் செலவழித்தால் யாருக்குத்தான் மிச்சம் இருக்கும்?

அந்தக் கராய்

இதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் மாமியாரின் தோள்வலியால் தெரிந்துகொண்டேன்.

போன தடவை காவடி முடிந்த மறுநாள் காலை, வழக்கம்போல நான் ஸ்டூலில் ஏறி மேலே இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மாமி கீழே நின்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். மீன் குழம்புச் சட்டி இறங்கியது, பிரியாணி தேக்சா இறங்கியது. கடைசியாக இருந்தது பொரிக்கிற வாணலியான அந்தக் கராய். வார்ப்பிரும்பு, மாமிக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. ஒரு பக்கக் காது தளர்ந்து கம்பி போட்டு இறுக்கியிருக்கும், உள்பக்கம் எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்துப் பளபளக்கும், இரண்டு கையால் தூக்கினால்தான் நகரும். அதில் பாதிக்குமேல் எண்ணெய் ஊற்றினால்தான் காத்தோ பிமா என்கிற மிளகாய்ப் பருப்பு வடை மூழ்கிப் பொரியும். நான் அதை விளிம்புக்கு இழுத்தபோது மாமி கையை நீட்டவில்லை. "அது அங்கேயே இருக்கட்டும்மா, தோள் தூக்க மாட்டேங்குது. வேணும்னா அப்புறம் இறக்கிக்கலாம்" என்றார். சரி என்று தள்ளி வைத்துவிட்டு இறங்கினேன். ஆரோக்கியம், சர்க்கரை, எடை என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை பையன் காத்தோ பிமா கேட்டான். முன்பெல்லாம் பருப்பை ஊறவைத்து அரைத்து, ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பொரித்து மேசையில் வைத்துவிடுவோம். ராத்திரி வரைக்கும் போகிறவர் வருகிறவர் கையில் இரண்டு இருக்கும். அன்றைக்கு ஸ்டூல் போட்டு, கராயை இறக்கி, கழுவி, அப்புறம் எண்ணெயை ஊற்ற வேண்டுமா என்று தோன்றியது. முனைக்கடையில் ஆளுக்கு மூன்று வாங்கி வந்தோம், தின்றோம், முடிந்தது. யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

ஆனால் பெரிய மாற்றம் அது இல்லை. எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வடிகட்டி வைத்த ஒரு எவர்சில்வர் டப்பா உண்டு. பொரித்து மிஞ்சிய எண்ணெய் அதில் போகும். அதை வீணாக்கக் கூடாது, சீக்கிரம் தீர்க்கவும் வேண்டும், அதனால் மறுநாளிலிருந்து தாளிப்பதிலிருந்து கத்தரிக்காய் வதக்குவது வரைக்கும் எல்லாவற்றுக்கும் அந்த டப்பாவிலிருந்து ஒரு கரண்டி. பெரிய கரண்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. அந்தக் கரண்டியில் மூன்று மேசைக்கரண்டி பிடிக்கும். கராய் மேலேயே இருந்ததால் டப்பா காலியாகவே இருந்தது, டப்பா காலியாக இருந்ததால் சமையலுக்குப் பாட்டிலில் இருந்துதான் எடுக்க வேண்டும், பாட்டில் எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கினோம் என்ற நினைப்பில் கை தானாகச் சின்னக் கரண்டிக்குப் போயிற்று. ஒரே வீட்டில் அதே மாமி, அதே நான், அதே கறி. அந்த மாதம் எண்ணெய் வாங்கப் போனபோதுதான் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தேன். மாமியிடம் காட்டினேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவையுமா நாம தின்னுக்கிட்டு இருந்தோம்" என்று மட்டும் கேட்டார்.

1987இல் நடந்தது

மொரீசியஸ்காரர்களுக்கு இது புதுப் பாடமும் இல்லை. 1987இல் நம் நாட்டில் நீரிழிவும் இதய நோயும் எவ்வளவு இருக்கிறது என்று பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது, ஆஸ்திரேலியாவின் பேராசிரியர் பால் சிம்மெட் குழுவும் உலக சுகாதார நிறுவனமும் அதில் இருந்தார்கள். அதில் வெளிவந்த விஷயங்களில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, இந்திய வம்சாவளியினர், கிரியோல்காரர்கள், சீன வம்சாவளியினர் என்று யாரைப் பார்த்தாலும் நீரிழிவு அதிகமாகவும் ஏறக்குறைய ஒரே அளவிலும் இருந்தது என்பதுதான். அது இந்தியர்களின் ரத்தத்தில் உள்ள வியாதி, நம் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அதோடு நின்றிருக்க வேண்டும். வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த மூன்று விதமான மக்களுக்கும் பொதுவாக இருந்தது ஒரே முனைக்கடை, ஒரே ரொட்டி, ஒரே சர்க்கரை, ஒரே ரேஷன் எண்ணெய்.

அந்த ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயிலாக இருந்தது. அதே 1987இல் அரசு அதை மாற்றி முழுக்க சோயா எண்ணெயாக்கியது. மக்களுக்குப் பிரசங்கம் செய்து, அவர்கள் கேட்டுத் திருந்திய பிறகு அல்ல. கடையில் இருந்த டின்னுக்குள்ளேயே பொருள் மாறிவிட்டது. ஐந்து வருஷம் கழித்து 1992இல் மறுபடி அளந்தபோது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சராசரி, லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், 5.5இலிருந்து 4.7ஆக இறங்கியிருந்தது. ஒரு நாடு முழுவதற்கும் இவ்வளவு இறக்கம் என்பது சாதாரணமில்லை, எண்ணெய் மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், ஆனால் பாதிதான் சொன்னதாகும். அதே ஐந்து வருஷத்தில் நம் மக்களின் எடை ஏறியது. நீரிழிவும் குறையவில்லை, இன்றைக்கு நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. பாமாயிலோ சோயாவோ, ஒரு கிராமில் ஒன்பது கலோரிதான். எந்த எண்ணெய் என்பதை அரசு மாற்றலாம், எவ்வளவு எண்ணெய் என்பது சமையலறையில் கரண்டி பிடிக்கிற கையில் இருக்கிறது. 2009இல் பள்ளிக்கூடக் கடைகளில் குளிர்பானத்துக்குத் தடை வந்தது, 2013 முதல் குளிர்பானத்தில் இருக்கும் சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி வந்தது. இரண்டும் நல்ல காரியம், ஆசிரியை என்ற முறையில் முதலாவதன் பலனை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்தச் சட்டங்கள் நம் வீட்டு வாசல்படி வரைக்கும்தான் வரும்.

கராய்க்குப் பிறகு நான் வீட்டில் மற்றவற்றையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். யார் எதை நினைத்துத் தின்கிறோம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் எப்போது வாங்கி வருகிறார்கள் என்று பார்த்தேன். வெனிலா தேநீருக்குச் சர்க்கரையைக் கொதிக்கும் பாத்திரத்திலேயே போட்டுவிடுவது மாமியின் வழக்கம், அதனால் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியே எழவில்லை. இப்போது சர்க்கரை மேசைக்கு வருகிறது, அவரவர் கோப்பையில் அவரவர் போட்டுக்கொள்வது. முதல் வாரம் எல்லாரும் பழைய அளவே போட்டார்கள். அப்புறம் குறைந்தது, பையன் ஒரு கரண்டியில் வந்து நிற்கிறான், அவன் அப்பா அரையில் நிற்கிறார். ரொட்டியும் அப்படித்தான். மானிய விலையில் கிடைப்பதால், வேலை விட்டு வருகிற மூன்று பேரும் ஆளுக்கொரு பையில் ரொட்டி வாங்கி வந்துவிடுவோம், சூடாக இருக்கிறதே என்று. 100 கிராம் ரொட்டி ஒன்றுக்கு 260 கலோரிக்கு மேல், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தனி. இப்போது வாங்கி வருவது ஒருவர் வேலை, தலைக்கு ஒன்று கணக்கு. மேசையில் மிச்ச ரொட்டி இல்லாததால் ராத்திரி ஒன்பது மணிக்கு அதைப் பிய்த்துக் கறியில் தொட்டுத் தின்பதும் இல்லை.

சாதத்துக்கு வேறு விதமாக வழி பிறந்தது. காவடியன்று கோயிலில் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறார்கள் அல்லவா, பலாக்காய், வாழைக்காய், பூசணி, கீரை, பச்சடி, பருப்பு, ரசம் என்று இலை முழுக்க வட்டமாகக் காய்கறி இருக்கும், நடுவில் ஒரு கை சாதம். வயிறு நிறைந்து எழுந்திருப்போம். அதே நாம் வீட்டில் தட்டு எடுத்தால் முதலில் சாதத்தை மேடாகக் கொட்டி, அது விட்டுவைத்த ஓரத்தில் ஒரு கறி, ஒரு சட்னி. கரும்புத் தோட்டத்தில் விடிந்ததிலிருந்து வெட்டி அடுக்கிய தாத்தாக்களுக்கு அந்த மேடு நியாயம்தான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பேரனுக்கும் அதே கரண்டியால் அதே அளவு விழுவதை எந்த நியாயத்தில் வைப்பது? ஏழு கறி தினமும் யாராலும் சமைக்க முடியாது, அந்த வீராப்பு எனக்கு இல்லை. ஆனால் முருங்கைக்கீரையோ சௌசௌவோ பீர்க்கங்காயோ ஏதாவது ஒன்றைத் தட்டில் முதலில் பாதிக்குப் பரிமாறிவிட்டு அப்புறம் சாதப் பானையைத் திறப்பது என்ற வரிசையை மாற்றுவது முடிகிறது. பருப்பைக் குறைக்க விடுவதில்லை. மொச்சை, கறுப்பு மைசூர்ப் பருப்பு, விரதம் இல்லாத நாளில் மீன், முட்டை, இவை இல்லாமல் எடை மட்டும் இறங்கினால் அதில் தசையும் சேர்ந்து இறங்கும், மாமி வயதுக்காரர்களுக்கு அது விழுந்து எலும்பு முறிவதில் போய் முடியும். மாமியின் எடையைக் குறைக்க நாங்கள் முயற்சி செய்யவே இல்லை.

நடை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மெட்ரோ வந்த பிறகு என் வீட்டுக்காரர் வேலைக்கு நிலையம் வரை நடந்து போகிறார், திரும்பி வருகிறார். மாலையில் நானும் தெருவில் இரண்டு மூன்று பேரும் மைதானத்தைச் சுற்றிப் போட்டிருக்கிற நடைபாதையில் சுற்றுகிறோம். நடந்தும் எடை இறங்கவில்லையே என்று விட்டுவிடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துகொண்டவர்களுக்கு எடை சொல்லும்படி குறையாமலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. நம் உடம்பு வாகு கொண்ட நம் ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு அது. எடை மேடையின் முள் அசையவில்லை என்பதற்காக நடையை நிறுத்தாதீர்கள்.

தனி ஆள் விரதம்

எனக்கு உண்மையில் கோபம் வருவது எங்கே என்றால், வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று தொடங்கிவிடுகிறோம். நடுவில் கறுவாப்பட்டையும் நெய்யும் மணக்கிற பிரியாணி, ஓரத்தில் அவருக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த காய். அவர் தண்டனை அனுபவிக்கிறவராக உட்கார்ந்திருப்பார், நாலு நாள் தாங்குவார், ஐந்தாம் நாள் தாங்க மாட்டார், உடனே நாக்கை அடக்கத் தெரியவில்லை என்று ஒரு சொல். காவடி விரதத்தில் நாம் அப்படியா செய்கிறோம்? விரதக்காரர் எதிரில் ஆட்டுக்கறி வைத்துத் தின்னும் வீடு எங்கள் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 32 வருஷம் தொடர்ந்து பார்த்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து, கணவன் மனைவியில் ஒருவர் பருமனானால் மற்றவருக்கும் அது வரும் வாய்ப்பு 37 சதவீதம் கூடுகிறது என்று 2007இல் எழுதினார்கள். ஒரே பானையில் தின்கிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டுமா என்று மாமி கேட்டார், எனக்கும் அதுதான் தோன்றியது. எடை ஏறுவது குடும்பத்தோடு நடக்கும்போது இறங்குவதை மட்டும் ஒருவர் தலையில் ஏன் போடுகிறோம்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்குகிற மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒருவேளை உணவோடு விரதம் இருந்துவிட்டு வெயிலில் காவடி தூக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாத்திரை வழக்கம்போல வேலை செய்யும், உள்ளே சாப்பாடு இருக்காது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். ஊர்வலத்தில் அதைச் சாமி வந்துவிட்டதாக நினைத்து வேப்பிலை அடிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப்பட்டவர் கூட நடக்கிறவர்கள் மடியில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள், விரதம் தொடங்குவதற்கு முன்பே மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் வீட்டுக்காரரின் அளவு அடுத்த பரிசோதனையில் 5.8 என்று வந்தது. கோட்டுக்குக் கீழே போகவில்லை, மேலே ஏறவும் இல்லை. எடை ஏழு சதவீதம் இன்னும் ஆகவில்லை, ஆனால் இந்தச் சிவராத்திரிக்குப் பழையபடி ஆகவில்லை என்பதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்த்துச் சமையலறைக் காலண்டரில் எழுதிவைக்கிறார். நீண்ட நாள் எடையைத் திரும்ப ஏறவிடாமல் வைத்திருப்பவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1994இலிருந்து பதிவேடு ஒன்று வைத்திருக்கிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். வேலை நாளில் ஒரு சாப்பாடு, ஓய்வு நாளில் வேறு சாப்பாடு என்று பிரித்து வைக்காமல் இருப்பதும் அவர்களிடம் காண்கிற பழக்கம்.

அந்த இரண்டாவதுதான் எங்களுக்கு இன்னும் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீடு. அங்கே கஜாக் இல்லாமல் பேச்சு தொடங்காது, பொரித்த கோழி, பொரித்த மீன், பஜ்ஜி, பெரிய பாட்டில்கள். நாத்தனார் பாசத்தோடு செய்கிறவர், வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அதனால் போன மாதம் ஒரு ஏற்பாடு பேசினோம். பொரிப்பது ஒன்றே ஒன்று, அது அவர் விருப்பம். மற்றது நாங்கள் கொண்டுபோவது: சுட்ட மரவள்ளி, பச்சை மாங்காய், வெள்ளரிக்காய், உப்பு மிளகாய் போட்டு வேகவைத்த மொச்சை. மொச்சை முதல் வாரமே தீர்ந்துவிட்டது. பாட்டில் விஷயத்தில் நாத்தனாரின் வீட்டுக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, புரட்டாசி வரட்டும், எப்படியும் அந்த மாதம் அவர் வீட்டிலும் பாத்திரங்கள் மேலே ஏறும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று மாமி சொல்லியிருக்கிறார்.